பைக்காரா ஓடையின் வரவும் செலவும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் 2,554 மீட்டர் உயரத்தில் முக்குருத்திச் சிகரம் நிற்கிறது. அதனை அடுத்த புல்வெளிகளில் பிறந்து வடக்கு நோக்கி ஓடும் மலையோடையே பைக்காரா. அந்நீர் மலையைவிட்டு இறங்கியபின் மாயாறு என்னும் பெயர் பெறுகிறது. பவானிசாகர் அணையில் பவானி நீரோடு சேர்ந்து தேங்குகிறது. முடிவில் பவானி நகரின் கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. இவ்வழி நெடுக அந்நீர் யார் யாருக்கு எவ்வெவ்வாறு பயன்படுகிறது என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் ஒருமுறை தொடர்ந்து பார்ப்பது நலம்.

காரணம் உண்டு. மலைமேல் தேயிலையும் காய்கறியும் விளைவிப்பவர் ஒரு சங்கத்தில் அங்கத்தினர். கீழே நெல்லும் மஞ்சளும் பயிரிடுபவர் வேறொரு சங்கத்தில் அங்கத்தினர். பவானியில் ஜமக்காளம் நெய்பவர் மற்றொரு சங்கத்தில் அங்கத்தினர். ஆயினும் நீரைப் பொறுத்தவரையில் இம்மூவரும் ஒரே கணக்கில் பற்று எழுதி வருபவர்களே. அக்கணக்கில் வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, சேமநிதி எந்நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரவு

இக்கணக்கின் பெரும் வரவு தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக் கடலிலிருந்து வரும் மேகங்கள் நீலகிரியின் மேற்குச் சுவரில் மோதிப் பொழிகின்றன. முக்குருத்திப் பகுதியிலும் அதன் தெற்கே அவலாஞ்சியிலும் மழை மிகுதி. கிழக்கே உதகை நோக்கிச் செல்லச் செல்லக் குறைவு. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. சமவெளியின் பல ஊர்களில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையினும் இது அதிகம்.

ஆனால் மழை நான்கு மாதமே. ஓடையோ பன்னிரண்டு மாதமும் ஓடியாக வேண்டும். எஞ்சிய எட்டு மாதங்களுக்கு நீரைச் சேமித்து வைப்பது யார்? உயர்ந்த மேட்டு நிலத்தில் மேடெல்லாம் புல்லும், பள்ளங்களில் சோலையும், அவற்றின் அடியில் சதுப்பும் இருப்பது நீலகிரியின் பழைய அமைப்பு. சோலை மரங்கள் குட்டையானவை, நெருங்கி வளர்பவை, கிளைகளில் பாசி படர்ந்தவை. அவற்றின் அடியில் மட்கிய இலைகள் மெத்தைபோல் கிடக்கின்றன. சதுப்புகளில் புல்லும் வேரும் மட்கிக் கரிய மண்ணாகிப் படிந்துள்ளன. நீலகிரிச் சதுப்புகள் சிலவற்றின் அடிமண் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பெய்த மழையைப் புல்வேர் மண்ணுக்குள் இறக்குகிறது. சோலைமண் உறிஞ்சிக் கொள்கிறது. சதுப்பு பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக ஓடைக்குக் கொடுக்கிறது. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பைக்காராவில் ஓடும் நீர், சென்ற ஆண்டு பெய்த மழையின் மிச்சமேயாகும்.

கூட்டுறவுச் சங்கம் நடத்துவோருக்கு இதனை விளக்குவது எளிது. சங்கத்தின் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே பங்கு ஈவு வழங்குகிறோம். நல்ல ஆண்டின் இலாபம் முழுவதையும் பங்கிட்டுவிட்டால் கெட்ட ஆண்டில் சங்கம் நிற்காது. மலையில் சோலையும் புல்லும் சதுப்பும் செய்து வருவது இதே ஒதுக்கீட்டைத்தான்.

தோடரும் துணியும்

இந்நீரின் முதற் பயனாளர் தோடர். எருமை மேய்த்து வாழ்ந்த அம்மக்களின் மந்துகள் இப்புல்வெளிகளில் உள்ளன. பைக்காரா அவர்களுக்குப் புனித ஆறு. ஆற்றைக் கடக்கும் தோட ஆடவர் போர்வையை விலக்கி வலக்கரத்தை வெளியே எடுத்து வணக்கம் செலுத்தும் வழக்கத்தை, ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1906-இல் வெளியிட்ட தம் நூலில் குறித்துள்ளார். புல்வெளியைக் காட்டாக மாறவிடாமலும் உழாமலும் மேய்ச்சலுக்கே வைத்திருந்ததன் மூலம் ஓடையின் சேமநிதியைத் தோடர்கள் காத்து வந்தனர் எனலாம்.

நம் நெசவாளர் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. தோடர் நெய்வதில்லை. அவர்கள் போர்த்தும் வெண்துணி சமவெளித் தறிகளிலிருந்து மலையேறிச் சென்றது. அத்துணியின்மீது தோடப் பெண்டிர் கறுப்பு, சிவப்பு நூல் கொண்டு, அச்சும் வரைபடமும் இன்றி, இழைகளை எண்ணிப் பூவேலை செய்கின்றனர். அப்பூவேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நீர் மலையிலிருந்து இறங்குகிறது. துணி மலைக்கு ஏறுகிறது. மலைக்கும் சமவெளிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் மிகப் பழையது.

தண்ணீர் மின்சாரமாதல்

பைக்கார நீர் மேட்டு நிலத்தின் வடக்கு விளிம்பை நெருங்கும்போது 55 மீட்டர், 61 மீட்டர் உயரமுள்ள இரு அருவிகளாக வீழ்கிறது. அதற்கப்பால் மலை ஏறக்குறைய மூவாயிரம் அடி சரிந்து முதுமலைக் காட்டில் முடிகிறது. குறைந்த நீரையும் மிகுந்த உயரத்திலிருந்து குழாய்வழி விழச்செய்தால் பெரும் ஆற்றல் கிடைக்கும் என்பதை உணர்ந்த சென்னை மாகாண அரசு 1929-இல் வேலையைத் தொடங்கியது. அரசின் நிர்வாக சபையில் அங்கத்தினராயிருந்த சர் சி. பி. இராமசாமி ஐயர் இத்திட்டத்திற்கு முன்னின்று ஆதரவளித்தார். கிளன்மார்கனில் நீர் தேக்கப்பட்டுக் குழாய்களின் வழியே அடிவாரத்திலுள்ள சிங்காராவுக்கு இறக்கப்பட்டது. 1932-இல் மின்சாரம் பிறந்தது. சிங்காராவில் பயன்பட்ட நீர் வீணாகவில்லை. மரவகண்டி வழியாகச் சென்று, 1952-இல் அமைந்த மாயாறு மின்நிலையத்திலும் ஒருமுறை உழைக்கிறது. 2005-இல் சிங்காராவுக்கு அருகே 150 மெகாவாட் திறனுள்ள நிலத்தடி மின்நிலையமும் இயங்கத் தொடங்கியது.

பைக்கார மின்சாரம் கோயமுத்தூரை அடைந்ததும் நூற்பாலைகள் பெருகின. கரிசல் காட்டுப் பருத்தி உள்ளூரிலேயே நூலாயிற்று. ஆழ்ந்த கிணறுகளில் கவலை இறைத்துக் களைத்த உழவர்கள் மின்சார இறைப்பிகளை வைத்தனர். கைத்தறியாளருக்கு நூல் அருகிலேயே கிடைத்தது. அதே மின்சாரம் பின்னர் விசைத்தறியையும் ஓட்டிக் கைத்தறிக்குப் போட்டியாக நின்றதும் உண்மை. ஒரே நீர் நமக்கு நன்மையும் செய்தது, நெருக்கடியும் தந்தது. அந்நெருக்கடியைத் தனித்தனியே தாங்க இயலாமையாலன்றோ நெசவாளர்கள் ஒன்றுகூடினர்! இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் மாநில நெசவாளர் சங்கம் 1935-இல் தோன்றியது. உருளைக்கிழங்கு விளைவிப்போரின் பொருட்டு நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தொடங்கப்பெற்றதும் அதே 1935-இல்தான்.

ஆற்றங்கரையில் ஒரு கூட்டுறவுக் கிராமம்

தெப்பக்காட்டைக் கடந்த மாயாறு ஆழ்ந்த பள்ளத்தாக்கில் கிழக்கு நோக்கி ஓடுகிறது. இருமருங்கும் யானையும் புலியும் வாழும் காடு. தென்னாட்டில் அருகிவரும் பாறுக் கழுகுகளுக்கு எஞ்சியுள்ள முக்கிய உறைவிடமும் இதுவே. அப்பள்ளத்தாக்கின் நடுவே தெங்குமரஹாடா என்னும் ஊர் இருக்கிறது. நிருவாகத்தில் அது கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் பேருந்து செல்வதோ பவானிசாகரிலிருந்து காட்டு வழியாக. அதன் பின்னும் ஆற்றைப் பரிசலில் கடந்தே ஊரை அடைய வேண்டும்.

நாடு விடுதலை பெற்றதையொட்டி உணவுப் பஞ்சம் நிலவிய காலத்தில், அதிக உணவு உற்பத்தி இயக்கத்தின்கீழ் காட்டு நிலத்தைக் குத்தகைக்குப் பெற்றுக் குடியேறியவர்களின் ஊர் இது. தனித்தனிப் பட்டாதாரர்களாக அல்லாமல் கூட்டுறவுப் பண்ணைச் சங்கமாக அமைந்து அவர்கள் நெல்லும் வாழையும் மிளகாயும் விளைவித்தனர். நிலம், பாசனம், விற்பனை ஆகிய மூன்றையும் ஒரு சங்கத்தின்கீழ் கொண்டுவந்த இவ்வேற்பாடு கூட்டுறவாளர் கவனிக்கத் தக்கது.

இன்று அவ்வூரின் நிலை இக்கட்டானது. சுற்றியுள்ள காடுகள் புலிகள் காப்பகங்களாகிவிட்டன. சத்தியமங்கலம் காப்பகம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. வெள்ளக் காலத்தில் ஊர் துண்டிக்கப்படுகிறது. யானைகள் பயிரை அழிக்கின்றன. குடும்பம் ஒன்றுக்கு 15 இலட்சம் ரூபாய் அளித்து ஊரை இடம் பெயர்க்கும் யோசனை சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. காட்டின் பொருட்டு உழவர் வெளியேறுவதா, உழவரின் பொருட்டுக் காடு விட்டுக்கொடுப்பதா என்னும் கேள்விக்கு எளிய விடை இல்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக உழைத்தவர்கள் இடம் பெயர வேண்டி வந்தால், பணத்தை வாங்கிக்கொண்டு சிதறாமல் சங்கமாகவே வேறிடத்தில் நிலைபெற வழி காண்பது கூட்டுறவு நெறிக்கு ஏற்றது.

மதகுகளின் முறை

பவானிசாகர் அணை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிவுற்றது. கொள்ளளவு 32.8 ஆயிரம் மில்லியன் கன அடி. இதிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருகிறது. அத்தனை நிலத்திற்கும் ஒரே பருவத்தில் நெல் விளைவிக்க நீர் போதாது. ஆகவே ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என ஆயக்கட்டு இரு பாதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை நெல்லுக்கு நீர். மறுபாதிக்கு அதன் பின் புன்செய்ப் பயிருக்கு நீர். அடுத்த ஆண்டு முறை மாறும். மேலும் கொடிவேரி, காலிங்கராயன் முதலிய பழைய பாசனங்களின் உரிமைக்கு முதலிடம் கொடுத்த பின்னரே கீழ்பவானிக்கு நீர் திறக்கப்படும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்டதாகக் கூறப்படும் காலிங்கராயன் கால்வாய் இன்றும் 15,743 ஏக்கருக்கு நீர் தருவது வியக்கத் தக்கது.

பற்றாக்குறையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இவ்வொழுங்கு, கூட்டுறவு என்னும் பெயரில்லாத கூட்டுறவேயாகும். எனினும் பூசல் இல்லாமல் இல்லை. கால்வாய்க்குக் காங்கிரீட் தளம் அமைத்தால் கடைமடைக்கு நீர் சென்றடையும் என்பர் ஒருசாரார். அவ்வாறு செய்தால் கசிவு நீர் குறைந்து கிணறுகள் வற்றும் என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொய்யல்ல. தலைமடையில் கசிவு எனக் கழிக்கப்படும் நீரே பக்கத்துக் கிணற்றுக்காரருக்கு வரவாகிறது. செலவுப் பத்தியில் எழுதுவது மற்றொருவரின் வரவுப் பத்தியில் ஏறும் இந்நிலையில், கணக்கை ஒருவர் மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

தறியும் சாயமும்

கூடுதுறைக்கு வருவோம். பவானியின் குழித்தறிகளில் கெட்டியான பருத்தி நூலால் பட்டைப் பட்டையாக வண்ணம் அமைத்து நெய்யப்படும் ஜமக்காளம் 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் ஜமக்காளம் கைத்தறிக்கே உரியது. நிறமே ஜமக்காளத்தின் அழகு. நிறத்திற்குச் சாயம் வேண்டும். சாயத்திற்கு நல்ல நீர் வேண்டும். உப்பு மிகுந்த நீரில் தோய்த்த நூலில் சாயம் சீராகப் பிடிக்காது என்பதைச் சாயமிடும் அன்பர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

தோய்த்தபின் வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதே கேள்வி. அண்டை ஆறான நொய்யலின் கதை நமக்கு எச்சரிக்கை. பாசனத்திற்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் கட்டப்பட்ட அணை, திருப்பூரின் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் பயன் கெட்டது. உழவர்கள் வழக்காடினர். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவரும் இழந்தனர், தொழிலாளரும் இழந்தனர். காலிங்கராயன் கால்வாயிலும் சாய, தோல் கழிவுகள் கலப்பதாக உழவர்கள் பன்முறை முறையிட்டுள்ளனர். தறிக்காரரும் ஏர்க்காரரும் ஒருவரையொருவர் எதிர்த்து நிற்கும் நிலை நேரலாகாது.

சேமநிதி குறைகிறது

கீழே பங்கீடும் தூய்மையும் எவ்வளவு செம்மையாயினும், மேலே இருப்புக் குறைந்தால் யாது பயன்? இனி அதனைக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உதகைக்கு விறகுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் கொண்டுவரப்பட்டன. விறகும், நீலகிரித் தைலமும், தோல் பதனிடும் பட்டையும் கிடைத்தமையால் அவை நல்வரவு பெற்றன. விடுதலைக்குப் பின் புல்வெளிகள் பல ‘தரிசு’ எனக் கருதப்பட்டு இம்மரங்களால் நிரப்பப்பட்டன. சிறுமுகையில் பிற்காலத்தில் அமைந்த செயற்கை இழை ஆலைக்கும் இவையே மூலப்பொருளாயின.

இதனால் ஓடைக்கு என்ன நேர்ந்தது? 1954-இல் உதகையில் நிறுவப்பட்ட மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் ஊகத்தால் பேசாமல் அளந்தே பார்த்தனர். பைக்காராவின் நீர்ப்பிடிப்பிலுள்ள கிளன்மார்கனில், ஒன்றையொன்று ஒத்த இரு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தனர். ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டனர். மற்றொன்றின் புல்வெளியில் 1972-இல் கற்பூர மரம் நட்டனர். இரண்டிலிருந்தும் ஓடும் நீரை ஆண்டுதோறும் அளந்தனர். முதற் பத்தாண்டில் மரம் நட்ட பகுதியின் நீர்வரவு சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிமரம் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் பத்தாண்டில் குறைவு சுமார் 25 சதவீதமாயிற்று. வேர் முன்னரே ஆழ ஊன்றியிருந்தமையால் மறுதுளிர் இன்னும் அதிகமாக நீரை உறிஞ்சியது.

இதனினும் கவலைக்குரியது கோடைக்கணக்கு. ஓடை மெலிந்து ஓடும் காலத்து நீரின் அளவு முதற்சுற்றில் ஏறக்குறையப் பாதியாயிற்று. இரண்டாம் சுற்றில் நான்கில் ஒரு பங்கு அளவிற்கு இறங்கிற்று. அதாவது ஆண்டுக் கணக்கில் கால்பங்கு நட்டம் எனத் தோன்றுவது, நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களில் முக்கால்பங்கு நட்டமாக வந்து நிற்கிறது. மொத்தத்தை மட்டும் பார்த்து மாதவாரிக் கணக்கைப் பாராதவன் சங்கத்தின் தணிக்கையிலும் ஏமாறுவான். ஓடையின் தணிக்கையிலும் ஏமாறுவான். மரம் நடுவது எவ்விடத்தும் நன்மையே என எண்ணியிருப்போர்க்கு இவ்வாராய்ச்சி ஒரு பாடம். புல்லுக்குரிய இடத்தில் புல்லே நீரைக் காக்கிறது.

அரசும் இதனை உணர்ந்துள்ளது. முக்குருத்திப் பகுதி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-இல் வெளியிட்டது. ஆனால் அரசின் காடு மட்டுமே மலை அன்று. ஊர்களை அடுத்த ஊற்றுகளும் பள்ளத்துச் சதுப்புகளும் நம்மவர் கையில் இருக்கின்றன.

நாம் செய்யத் தக்கவை

மலைச் சங்கங்களின் அங்கத்தினர்களுக்கு: பள்ளத்தாக்கின் அடியிலுள்ள சதுப்பை வாய்க்கால் வெட்டி வடித்துக் கேரட்டும் முட்டைக்கோசும் பயிரிடுவதால் இரண்டொரு பருவம் பணம் வரும், ஊற்று அற்றுவிடும். ஓடையின் இருகரையிலும் சில அடி அகலம் புல்லை விட்டு வையுங்கள். ஊற்றுக்கண்ணின் அருகே கற்பூர மரம் நடாதீர்கள். சரிவுகளில் சமமட்ட வரப்பும் படிக்கட்டு வயலும் அமைத்தால் உங்கள் மண் உங்களிடமே நிற்கும். அணையில் சென்று படியாது.

பாசன அங்கத்தினர்களுக்கு: முறையைக் காத்தல் முதற் கடமை. மதகில் கள்ளத்தனமாகத் திறக்கும் ஒரு சாண் நீர், கடைமடையில் ஒருவரது நாற்றங்கால்.

நெசவாளர் சங்கங்களுக்கு: வீடுதோறும் தோய்த்துச் சாக்கடையில் விடுவதைத் தவிர்த்து, பல சங்கங்கள் சேர்ந்து பொதுச் சாயச்சாலையும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அமைத்துக்கொள்ளல் வேண்டும். ஒரு சங்கத்திற்குத் தாங்காத செலவு பத்துச் சங்கங்களுக்குத் தாங்கும்.

இவற்றோடு ஒரு யோசனையும் சொல்ல விரும்புகிறேன். மேல்கரையாரும் கீழ்கரையாரும் ஒருவரையொருவர் பாராமலே ஒரு நீரை உண்டு வருகின்றனர். கூட்டுறவு வாரவிழாவின் போதேனும் கீழ்பவானிப் பாசனத்தாரும் பவானி நெசவாளரும் சிலர் மலையேறிச் சதுப்பையும் சோலையையும் பார்க்கட்டும். மலை விவசாயிகள் சிலர் இறங்கி வந்து கடைமடையையும் குழித்தறியையும் பார்க்கட்டும். மலையில் ஒருவர் சதுப்பை உழாமல் விடுவதால் அவருக்கு வருமானம் குறைகிறது. அதன் பயன் கீழே உள்ளோர்க்குச் செல்கிறது. அவரது தேயிலையை வாங்கும்போதும், அவரது விளைபொருளுக்குக் கீழ்நாட்டுச் சங்கங்களின் கடைகளில் இடம் தரும்போதும் அந்த இழப்பில் ஒரு பகுதியேனும் ஈடாகும். கொடுப்பவரை அறிந்தாலன்றிக் கைம்மாறு செய்வது எங்ஙனம்?

நீரில் பற்று எழுதுவோர் அனைவரும் வரவும் வைக்கக் கடமைப்பட்டவர்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ‘நம் ஊர் நீர்’ என ஒரு பொருளைச் சேர்த்து, நம் எல்லையிலுள்ள ஊற்று, ஓடை, வாய்க்கால், சாயநீர் ஆகியவற்றின் நிலையை எழுத்தில் பதிவு செய்யுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதாத கணக்கைத் தணிக்கை செய்ய எவராலும் இயலாது.